இடது காது

மூன்று முறை என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்
முவஃபக் சர்ப்காயா பாஷா.
அங்காரா தொலைக்காட்சி நிலையத்தின் நிலவறையில்
பன்னிரண்டு பல்பு வைத்த கண்ணாடி முன்னால்.
பதினொன்றுதான் எரியும். அன்றும் அப்படித்தான்.

முதல் முறை நள்ளிரவு.
வாசலில் இரண்டு ஜீப், தாழ்வாரம் முழுக்க பூட்ஸ்.
தொப்பியைக் கழற்றி மடியில் கவிழ்த்துக்கொண்டார்.
நெற்றியில் ஓர் எல்லைக்கோடு:
மேலே பால் வெள்ளை,
கீழே ஹக்காரி மலைவெயில் சுட்டெடுத்த செங்கல்.
"இரண்டையும் ஒரே நாடாக்கு" என்றார் தயாரிப்பாளர்.
யாரும் சிரிக்கவில்லை.

இடது காதில் மேல்விளிம்பு இல்லை.
எலி கொறித்த ரொட்டி மாதிரி கறுத்துச் சுருண்டிருந்தது.
"பனி" என்றார், நான் கேட்காமலே.
"மறைத்துவிடு மகளே. அனுதாபம் கேட்க வரவில்லை."
மெழுகு வைத்து விளிம்பு கட்டினேன்,
தோல்நிறம் பூசினேன்.
நெற்றி பளபளத்தால் பொய் சொல்வதுபோல் தெரியும்,
அதனால் மினுக்கத்தை ஒற்றி எடுத்தேன்.
என் தொழில் அவ்வளவுதான்.

எட்டு வரி வாசித்தார். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.
விடிவதற்குள் அமைச்சரவை இல்லை.
காலையில் சிமித் வாங்க நின்ற வரிசையில்
பாதிப் பேர் கைதட்டினார்கள்,
பாதிப் பேர் தங்கள் காலணியைப் பார்த்தார்கள்.
நான் சில்லறையை எண்ணினேன்.

இரண்டாம் முறை ஓய்வுபெற்ற பிறகு, சாம்பல் நிறக் கோட்டில்.
ஒரு சிப்பாயின் சவப்பெட்டி அருகே நின்று
"கண்ணீருக்குப் படையில் பதவி கிடையாது" என்று சொல்லியிருந்தார்.
யோஸ்காத்திலிருந்து ஷெஹ்ரிபான் என்ற ஒரு தாய்
மகனின் பதக்கத்தைத் தபாலில் திருப்பி அனுப்பினாள்,
தபால்தலை ஒட்டாமல்.
ராணுவம் அபராதம் கட்டி வாங்கிக்கொண்டது.

அந்த வாரம்தான் பத்திரிகைகள் போஸ்தெரேயைத் தோண்டின.
கார்ஸுக்கு மேலே ஒரு முகடு. ஒரு பனிப்புயல்.
காவல்சாவடிக்கு ஏறிய நாற்பத்தொரு பையன்களில்
இருபத்தாறு பேர் இறங்கினார்கள்.
ஏறச் சொன்னவர் எங்கே இருந்தார் அன்றிரவு?
அடுப்பெரியும் அதிகாரிகள் விடுதியில் என்றது ஒரு தாள்.
மறுத்துப் பேசத்தான் வந்திருந்தார்.
நான் மறுபடியும் காதைப் பூசி மெழுகினேன்.

இறங்கி வந்த இருபத்தாறில் ஒருவன் என் தம்பி ரெஜாயி.
ஏழு விரலோடு வந்தான்.
இதைப் பாஷாவிடம் நான் சொன்னதில்லை.
கையில் தூரிகை இருக்கும்போது
எதையும் சொல்ல முடியாது.

பிறகு கைது. சிலிவ்ரி சிறை.
நான்கு ஆண்டு கழித்து நீதிமன்றம் சொன்னது:
சதி ஆவணங்கள் போலி, இவர் நிரபராதி.
"செய்யாததற்கு நான்கு வருஷம்,
செய்ததற்கு ஒருநாள் விசாரணைகூட இல்லை"
என்றான் ரெஜாயி.
செய்தாரா என்பது எனக்குத் தெரியாது.

மூன்றாம் முறை அவராகவே நடந்து வந்தார், ஜீப் இல்லை.
நெற்றிக்கோடு போய்விட்டிருந்தது.
முகம் முழுக்க ஒரே வெளுப்பு;
என் வேலையைச் சிறை முடித்து வைத்திருந்தது.
கண்ணை மூடிக்கொண்டார்.
பாதித் தூக்கத்தில் "உன் பேரென்ன?" என்றார்.
"பெரிஹான்."
"பெரிஹான், இன்றைக்குக் காதை விட்டுவிடு."

என் கை முந்தியிருந்தது.
பழக்கம். மெழுகு காய்ந்தேவிட்டது.
சொல்ல வாயெடுத்தேன்,
"நேரமாச்சு" என்று கதவைத் தட்டினார்கள்.

நேரலையில் சொன்னார்:
"போஸ்தெரே முகட்டில் என் பையன்களோடு நானும் நின்றேன்.
சாட்சி இந்தக் காது."
விரலால் தொட்டும் காட்டினார்.
கேமரா நெருங்கிப் போனது.
வழுவழுவென்று, பிறந்த குழந்தையுடையதைப் போல்
ஒரு முழுக் காது.
நாடு சிரித்தது.

ரெஜாயியும் சிரித்தான், தேநீர் சிந்தச் சிந்த.
இரவு வீட்டுக்குப் போய் அவனிடம் சொன்னேன்,
மெழுகு, தோல்நிறம், மூன்று முறை, எல்லாம்.
"அப்படிக் காது
கார்ஸில் எந்த மேய்ப்பனிடமும் இருக்கும்" என்றான்.
கொஞ்சம் கழித்து,
"எந்தப் பக்கம்?"
"இடது."
தன் கையைப் பார்த்தான்.
விரல் போனதும் அந்தப் பக்கம்தான்.
அன்றிரவு காற்று, என்று தொடங்கியவன் முடிக்கவில்லை.

மறுஒளிபரப்பு ஓடிக்கொண்டிருந்தது.
அணைக்கவில்லை அவன்,
சத்தத்தை மட்டும் குறைத்தான்.