மூன்று எழுத்துக்கூட்டு

அவன் கோப்பு என் மேசைக்கு வந்த அன்று
ஒட்டாவாவில் முதல் பனி.
தோர்கெல், தோர்கில், தோர்க்கல்:
மூன்று தாளில் மூன்று விதம்.
எண் மட்டும் மாறவில்லை.

உயரம் ஐந்தடி ஏழு.
கடைவாய்ப் பல் இரண்டு இல்லை.
தொழில், வின்னிபெக் ஏரியில் மீன்பிடிப்பு.
நீந்தத் தெரியுமா? தெரியாது.
பக்கத்தில் யாரோ பென்சிலில்:
‘ஐந்து மாதம் ஏரிமேல் நடப்பானாம்.’

ஆல்டர்ஷாட்டில் தண்ணீர்க் குடுவையைத் தொலைத்தான்.
இரண்டு நாள் சம்பளம் போயிற்று.
நார்மண்டியில் தொடையில் இரும்புச் சில்லு,
பதினோரு நாள் படுக்கை,
படைக்குத் திரும்பினான்.
‘திரும்பினான்’ என்பதற்கு
எங்களிடம் ரப்பர் முத்திரையே உண்டு.

அப்புறம் ஷெல்ட்.
கரையை உடைத்துவிட்ட பீட்ரூட் வயல்கள்,
இடுப்பளவுத் தண்ணீர், அக்டோபர்.
இதெல்லாம் செய்தித்தாளில் படித்தது.
கோப்பில் ஒரே வரி.
அதில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

உடைமைகள்:
சீப்பு. கம்பளிக் காலுறை, ஒற்றை.
மரத்துண்டு, நூல் சுற்றியது, பயன் தெரியவில்லை.
அப்படித்தான் தட்டச்சு செய்தேன்.

ஜனவரியில் அவன் தாய் எழுதினாள்,
ஐஸ்லாந்துச் சாய்வெழுத்தில், நான்கே வாக்கியம்.
பொட்டலம் கிடைத்தது.
பெயர் தோர்கெல்.
அது மரத்துண்டு இல்லை, வலை ஊசி.
பாதி நூல் தீர்ந்திருக்கிறதே,
அங்கே எதைப் பின்னிக்கொண்டிருந்தான்?

படைப்பிரிவுக்கு எழுதிக் கேட்டேன்.
அவனோடு இருந்தவர்கள் யாரும்
இப்போது அந்தப் பிரிவில் இல்லை என்றார்கள்.

அடித்துவிட்டு ‘வலை ஊசி’ என்று திருத்தினேன்,
என்னிடமிருந்த பிரதியில்.
மற்ற நான்கும் எப்போதோ போய்விட்டன.
அவற்றில் அது இன்னும் மரத்துண்டு.
குடுவைக்குப் பிடித்த பணம்
பிடித்தபடியே இருக்கிறது.