ஒரே ஒரு கட்டம்

மார்ச் பாதி. ஜன்னல் விளிம்புவரை பனி.
ரெய்னோ பனி வாரும் லாரியோடு போய்
பத்து மணி நேரமாகிறது.
சாப்பாட்டு மேசையில் மூன்று பாடத்திட்டங்களைச்
சீட்டுக்கட்டு மாதிரி பரப்பியிருக்கிறேன்.
வரிப்பணம் திரும்பி வந்ததில்
இதற்கென்று ஒதுக்கியது இருநூற்று அறுபது டாலர்.
தண்ணீர்ப் பம்பு மக்கர் செய்தால் அதுவும் போச்சு.

முதலாவது கனமானது.
ஒன்பது பத்துக்குக் கதை,
ஒன்பது இருபத்தைந்துக்கு அதன் பெயர்ச்சொற்கள்.
நான் சொல்ல வேண்டியது நீல எழுத்தில்,
பிள்ளை சொல்லப்போவது சாய்வெழுத்தில்.
அவன் அதைச் சொல்லாவிட்டால்?
அதற்கு ஒரு பக்கமும் இல்லை.

இரண்டாவது அழகி.
வழவழத் தாளில், ஆப்பிள் மரத்தடியில்
லினன் உடுத்திய பிள்ளைகள் வாசிக்கிறார்கள்.
ஒருவருக்கும் மூக்கு ஒழுகவில்லை.
விலையைப் பார்த்ததும் கவிழ்த்து வைத்தேன்.

மூன்றாவதைப் பாடத்திட்டம் என்றே சொல்ல முடியாது.
எஸ்கனாபாவில் எட்டுப் பிள்ளைகளை வளர்த்த
வைலெட் சார்பொன்னோ என்பவள்
தட்டச்சு செய்து நகலெடுத்த பதினோரு தாள்.
விலை, தபாலோடு நான்கு டாலர்.
புத்தகப் பெயர்கள். எதிரே ஓரிரு சொற்கள்:
அழுவார்கள், அழட்டும்.
மூன்றாம் அத்தியாயம் அறுவை, தாண்டிவிடு.
இதைப் படுக்கப் போகும்போது வாசிக்காதே.
கடைசித் தாளின் அடியில் மட்டும் கையெழுத்து:
வாசித்து முடித்ததும் கேள்வி கேட்காதே.
அவர்கள் வாய் திறக்கும்வரை
உருளைக்கிழங்கு உரி.

ஈரோவுக்கு ஏழு முடிந்துவிட்டது.
'பி'க்கு வயிறு எந்தப் பக்கம்,
'டி'க்கு எந்தப் பக்கம்
என்பது இன்னும் பிடிபடவில்லை.
நாத்தனார் மார்னி பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள்.
எங்கள் வாசலைக் கடக்கும்போது மட்டும்
வேகத்தைக் குறைக்கிறாள்.
ஒன்றும் கேட்பதில்லை. குறைக்கிறாள்.

நேற்று முதலாவதின் மாதிரிப் பாடத்தை
நடத்திப் பார்த்தேன்.
பனிக்காலத்தில் குட்டிகளுக்கு இரை தேடி அலையும்
ஒரு நரியின் கதை.
கதையின் மையக்கருத்து என்ன?
நீல எழுத்தைக் கேட்டேன்.
ஈரோ ஜன்னலைப் பார்த்தான்.
லெம்பி நாற்காலிக்கு அடியிலிருந்து
"நரி" என்றாள். அவளுக்கு நான்கு வயது.
சாய்வெழுத்தில் இருந்தது: விடாமுயற்சி.

இன்று காலை
கோழிக்கூண்டுக் கதவு திறந்து கிடந்தது.
யார் தாழ் போடாதது என்று கத்தினேன்.
"நான்தான் திறந்தேன்" என்றான்.
கதையில் நரி முயலைக் கோட்டைவிட்டதாம்.
குட்டிகள் மூன்றாம்.
முட்டை நிறுத்திய கிழட்டுச் சாம்பல்நிறக் கோழியை
வாசல் பக்கமாக உட்கார வைத்தானாம்.
அது அங்கேயேதான் உட்கார்ந்திருந்தது.
நரி தூக்கிப் போனது
தினம் தவறாமல் முட்டையிட்ட செவலையை.
அப்போதுதான் அழுதான்.

திட்ட வாயெடுத்தவள்
உருளைக்கிழங்கு எடுத்தேன்.
இரண்டாவது கிழங்கில் தொடங்கினான்:
காற்று எந்தப் பக்கம் அடித்தது,
நரி எங்கே நின்று மோப்பம் பிடித்தது,
ஆயினும் ஏன் சாம்பலைத் தொடவில்லை.
ஆயினும்!
எங்கள் வீட்டில் யாரும் சொல்லாத சொல்.
ஏழு பேருக்குப் போதுமான கிழங்கு உரித்துவிட்டேன்.

முதலாவதின் ஆர்டர் படிவத்தில்
வகுப்பு என்று ஒரே ஒரு கட்டம்.
எழுத்துக்கூட்டுவதில் பாலர் வகுப்பு.
கேட்டதைத் திருப்பிச் சொல்வதில்
எனக்கே எட்டவில்லை.
நரிகளை நம்புவதில் இன்னும் பள்ளியே சேரவில்லை.
பேனாவை மூடினேன்.

நடமாடும் நூலக வேன் வியாழக்கிழமை வரும்.
வைலெட்டின் முதல் ஆறு புத்தகங்களுக்குச்
சொல்லிவைத்தாயிற்று.
எழுத்துக்கூட்டலுக்குத் தனியாக ஒரு மெல்லிய பயிற்சி நூல்;
அது இல்லாமல் ஆகாது, வைலெட்டே ஒப்புக்கொள்கிறாள்.
ராத்திரி வந்த ரெய்னோ பூட்ஸைக் கழற்றியபடி கேட்டான்,
கடைசியில் என்னதான் வாங்கினாய்?
பதினோரு தாள், ஒரு தாழ் என்றேன்.
அவனுக்குப் புரியவில்லை.
கிழங்கைப் பார்த்து, இதென்ன என்றான்.

காலையில் கண்ணாடியில் படிந்த உறைபனியில்
ஈரோ விரலால் ஓர் எழுத்து கீறினான்.
உள்ளேயிருந்து பார்த்தால் 'பி'.
வெளியே மார்னியின் பேருந்து
வேகம் குறைந்தது.
அவளுக்கு அது 'டி'யாகத் தெரிந்திருக்கும்.