வெள்ளை

காலை ஏழேகால். வற்று.
கிண்ணியாப் பாலத்துக்குத் தெற்கே
கண்ணாக் காட்டின் விளிம்பில்
முழங்கால் நீரில் நிற்கிறேன்.
கயிற்றில் கட்டிய தட்டை இறக்குகிறேன்,
பாதி கறுப்பு, பாதி வெள்ளை.
அது மறையும் ஆழத்தை எழுதவேண்டும்.
போன மாசியில் ஒரு முழம்.
இன்றைக்கு ஒரு சாண் போகுமுன்
தட்டைக் காணோம்,
கயிறு மட்டும் கையில்.

பத்தடி தள்ளி ஜெஸீமா ராத்தா
காலால் மட்டி தேடுகிறாள்.
கண் பாலத்தில் போகும் பஸ்ஸில்,
பெருவிரல் அடியில் தனியாக வேலை பார்க்கிறது.
இது கல்.
இது செத்த மட்டி, வாய் திறந்திருக்கு.
இது பம்பர்ஸ்.
இது, பொறு, உசிரோட இருக்கு.
குனிந்து எடுத்து வாளியில் போடுகிறாள்.
விழுந்த சத்தமே சொல்கிறது
வாளி எவ்வளவு வெறுமை என்று.

மூச்சுவேர்கள் சேற்றிலிருந்து
விரல் விரலாய் நீட்டி நிற்கின்றன.
ஒன்றில் சொப்பிங் பை.
ஒன்றில் நைலோன் வலைத் துண்டு.
ஒன்றில் யாரோ பள்ளிப் பிள்ளையின்
ஒற்றை மேசு, அளவாய்ப் போட்டுவிட்டதுபோல.
சர்விஸ் ஸ்டேசன் ஒயில்
வேருக்கு வேர் மயில் கழுத்தாய் மினுங்குகிறது.
அழகுதான்.
அதை எழுத என் படிவத்தில் கட்டமில்லை.

குமிழி புகாமல்
நீருக்கடியிலேயே போத்தலை மூடுகிறேன்.
கரைக்கு வந்து முதல் மருந்து,
பிறகு இரண்டாவது.
தலைகீழாய்க் கவிழ்த்துக் குலுக்குகிறேன்.
ஒட்சிசன் இருந்தால்
தேயிலைச் சாயம்போல் மண்ணிறம் படியும்.
ராத்தா கையைத் துடைத்துக்கொண்டு வந்து
பக்கத்தில் குந்துகிறாள்.
மெதுவாக, பால் திரைவதுபோல,
வெள்ளை இறங்குகிறது.

"வெள்ளைதானே புள்ள,
அப்ப நல்ல தண்ணியா?"

வாளியில் பதினொரு மட்டி.
கேட்டுக்கொண்டே அதில் நாலை
எனக்கென்று ஒரு பையில் போட்டாள்.
"இல்ல ராத்தா" என்றேன்.
அதை மட்டிக்குச் சொன்னதாய் எடுத்துக்கொண்டு
"சும்மா கொண்டு போ" என்றாள்.

பின்னேரம், ஆய்வுகூடம்.
பூச்சியம் தசம் மூன்று.
முதலில் பென்சிலால் எழுதினேன்,
அதன் மேல் பேனையால்.
நாலு மட்டியும் ஜன்னலோரக் கிண்ணத்தில்.
ஒன்று மட்டும் இன்னும்
வாயை இறுக்கி மூடிக்கொண்டிருக்கிறது.

போத்தல்களைக் கழுவினேன்.
அமிலம், மங்கனீசு, சவர்க்கார நுரை,
காலையில் அள்ளிய நீரின் மிச்சம்
எல்லாம் தொட்டியின் துளையில்
ஒன்றாய்ச் சுழன்று இறங்கின.
குழாய் சுவருக்குள் போகிறது.
சுவருக்கு வெளியே வேலி.
வேலிக்கு அப்பால் கான்.
கான் எங்கே போகிறது என்று
இந்த மூன்று வருடத்தில்
நான் ஒரு தரமும் பார்த்ததில்லை.

குழாயைப் பூட்டினேன்.
உள்ளே எங்கோ
இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

நாளைக்கு வற்று எட்டு மணி கழிந்து.
வழமையான ஆறு போத்தலோடு
ஏழாவதாய் ஒன்றை எடுத்து வைத்தேன்.
சீட்டில் திகதி எழுதியாயிற்று.
இடம் என்ற கட்டத்தில்
பேனை நிற்கிறது.