நாலு விரல் அகலம்

ஒன்பதாம் எண்ணைத் தனியே நான் பார்த்ததில்லை.
வெளிர்மஞ்சள் வாயு என்று படித்ததுதான்.
வெளிக்கூட்டில் ஏழு எலக்ட்ரான்.
எட்டாவதற்கு அலைகிற அலைச்சலில்
யார் வீட்டுக் கதவென்று பார்க்காதாம்.
தண்ணீரே அதில் பற்றி எரியுமாம்.
பிடித்துக் குப்பியில் அடைக்கப் போனவர்களில்
சிலருக்குக் கண் போனது, சிலருக்கு உயிர்.

அடுத்த கட்டத்து நியானுக்கு எட்டும் நிறைவு.
தருமபுரி பஸ் ஸ்டாண்டு எதிரே
ஒரு லாட்ஜின் பெயர்ப்பலகையில் சிவந்தபடி
எவரோடும் சேராமல் காலம் தள்ளுகிறது.
நைட்ரஜனோ
மூக்கில் நுழைந்து, நெஞ்சைச் சுற்றிப் பார்த்துவிட்டு
வந்த வழியே போய்விடும்;
ஒரு வாய் காப்பி கேட்காது.

நான் நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன்.
என் மேசைக்கு வந்து சேரும்போது
ஒன்பதுக்குத் தேடியது கிடைத்துவிட்டிருக்கும்.
புளோரைடு என்று பெயரும் மாறியிருக்கும்.
நிறமில்லை, மணமில்லை, ருசியில்லை.
கல்யாணம் ஆன ரௌடி மாதிரி
அத்தனை சாது.

பென்னாகரம் தாண்டி, ஏரியூருக்கும் அப்பால்
கரட்டடியில் ஒரு கைப்பம்பு.
ஜீப்பை நிறுத்தியது தீர்த்தகிரி.
இருநூற்று நாற்பது அடிக்குக் கீழே
பாறையின் அபிரகத்தில் உட்கார்ந்திருந்தது
ஊறி ஊறி
குடம்வரை வந்திருந்தது.

சோதனை எளிது.
குழாயில் ஒரு சாயம்;
சிர்கோனியத்தின் கையைப் பிடித்திருக்கும்வரை
அது சிவப்பு.
புளோரைடு வந்தால் அந்தக் கையைப் பிரித்துக்கொண்டு போய்விடும்.
வெளுக்க வெளுக்கக் கணக்கு ஏறும்.
ஒன்றரை வரை தாளலாம்.
அன்று மூன்று புள்ளி எட்டு.

பம்புக்குச் சிவப்பு பெயின்ட் அடித்தோம்,
தலை, கழுத்து, கைப்பிடி எல்லாம்.
குடிக்க உதவாது என்று மஞ்சளில் எழுத்து.

மாதம்மாள் குடத்தை இடுப்பிலிருந்து இறக்கவில்லை.
"காய்ச்சினா போயிருமா?"
தண்ணி சுண்டும், அது சுண்டாது, கூடத்தான் செய்யும்.
"வடிகட்டினா?"
துணிக்கு அது தெரியாது.
"அப்ப எதைத்தான் குடிக்கிறது?"
காவிரிக் குழாய் வருகிறது என்றேன்.
"எந்தக் கிழமை?" என்றாள்.

கேட்டபோது அவள் பல் தெரிந்தது.
பதில் தேடி வாய் திறந்தபோது
என் பல்லும் அவளுக்குத் தெரிந்திருக்கும்.
ஒரே பழுப்புக் கோடு.
நான் பாலக்கோட்டுப் பக்கத்துக் கிணறு.
பால்பல் விழுமுன்பே, ஈறுக்குள்ளேயே,
ஹைட்ராக்சில் உட்காரவேண்டிய சீட்டில்
ஜன்னல் வழியே துண்டு போட்டு
இடம் பிடித்துவிட்டது இது.
ஒன்றிரண்டு பேர் ஏறினால் பல்லுக்குக் காவலாம்.
கூட்டமாக ஏறினால் வண்டி ஒரு பக்கம் சாய்கிறது.
எம்.எஸ்ஸி. வேதியியல் முடித்த பிறகும்
போட்டோவுக்கு உதட்டை மூடித்தான் நிற்கிறேன்.

ஆறு வாரம் கழித்து மறுபடி போனோம்.
தலையில் சிவப்பு, கழுத்தில் சிவப்பு,
மஞ்சள் எழுத்துகூடப் புதுசாக இருந்தது.
கைப்பிடியில் மட்டும்
நாலு விரல் அகலத்துக்கு
இரும்பு பளபளத்தது.

"மட்டமான பெயின்டுங்க மேடம்" என்று
டப்பாவைத் தேடப் போனான் தீர்த்தகிரி.
நான் பாட்டிலை நிரப்பி, மூடி,
தேதி எழுதினேன்.
படிவத்தில் அளவு என்ற கட்டம்
கூடத்துக்குத் திரும்பிய பிறகு நிரப்பவேண்டியது.
அங்கேயே, ஜீப்பின் முகப்பில் வைத்து,
நாலு விரல் என்று எழுதினேன்.
பிறகு அடித்தேன்.
அடித்ததும் படிக்கும்படியாகத்தான் இருந்தது.