வளைக்காதீர்கள்

அபர்டீனிலிருந்து பதினொரு மணி நேரம்.
அதன்பிறகு போவதற்கு இடமில்லை,
எண்ணெய்த் தளத்தைச் சுற்றிச் சுற்றி
இருபத்தெட்டு நாள்.
யாராவது கடலில் விழுந்தால்
தூக்குவதற்கென்று ஒரு கப்பல்.
யாரும் விழுவதில்லை.
வாராவாரம் ஆரஞ்சு நிறப் பொம்மையை எறிந்து
அதைத்தான் காப்பாற்றுவோம்.

நான் சமையல்காரன். பதின்மூன்று பேருக்கு மூன்று வேளை.
இரவு ஒன்பதரைக்குப் பாத்திரம் கவிழ்த்து,
தட்டு வழுக்காதிருக்க விரிக்கும் ஈரத்துணியின் மேல்
புத்தகத்தை விரித்தால்
நாலாம் வேளை.
அது எனக்கு மட்டும்.

ஒரு பையில் சிவப்புப் பந்து ஏழு, நீலப் பந்து ஐந்து
என்று தொடங்கியது புள்ளியியல்.
பை எந்தக் கடலில் இருக்கிறது என்று சொல்லவில்லை.
ஜனவரியில், இந்தப் பக்கம்,
பந்து பன்னிரண்டும் மேசைக்குக் கீழே.

அரிய நிகழ்வுகள் என்ற பாடம் வந்த இரவு
வட்டச் சன்னலில் தளத்தின் தீ
எரிந்துகொண்டிருந்தது, வழக்கம்போல.
நடக்காமலே போகக்கூடிய ஒன்றைச் சுற்றித்தான்
இவ்வளவு டீசல்,
இவ்வளவு உருளைக்கிழங்கு,
என்னுடைய ஆறு வருடம்.
பென்சிலை வைத்துவிட்டுக் கொஞ்சம் நேரம்
சும்மா இருந்தேன்.

“இதைப் படிச்சு என்ன செய்யப்போகிறாய்?” என்றான்
இயந்திர அறை மாக்னஸ். ஷெட்லாந்துக்காரன்,
சும்மா கேட்கமாட்டான்.
பதில் தெரியவில்லை.
மூன்றாம் வருடம், மாதத்துக்கு வேண்டிய முட்டையைக்
கணக்குப் போட்டு வாங்கினேன்.
பதினொன்றுதான் மிஞ்சியது.
கை கழுவாமலே கைதட்டினான்.

விடைத்தாளைப் படமெடுத்துச் சுகந்தினிக்கு அனுப்புவேன்.
போய்ச்சேர நாற்பது நிமிடம்,
சனிக்கிழமை, எல்லோரும் பந்தாட்டம் பார்த்தால், விடியும்.
டோரியில், குளிருக்குக் கதவடைத்த குசினியில்
அவள் அதைப் பல்கலைக்கழகத்துக்கு ஏற்றுவாள்.
“இது ஒண்டோ ஏழோ?”
“ஏழு. கப்பல் சரிஞ்சிட்டுது.”
ஆறு வருடத்தில் நாங்கள் பேசியதில்
பாதி இலக்கங்கள்.
மிச்சத்தைப் பேச அலைவரிசை விட்டதில்லை.

கடைசித் தேர்வு, கமெராவின் முன்னால்.
தேர்வர் சட்டகத்தை விட்டு வெளியேறுகிறார்,
என்று எச்சரித்தது திரை.
மறுபடியும் வெளியேறுகிறார்.
நான் அசையவில்லை. நாற்காலியைச் சுவரோடு
கட்டியிருந்தேன். கமெரா இருந்த மேசைதான்
எங்கோ போய்வந்தது.
பிறகு, சொல்லாமல் கொள்ளாமல், ஆட்டம் அடங்கிற்று.
கப்டன் ஹேமிஷ் அலைக்கு முகம் கொடுத்து
மூன்று மணி நேரம் மெல்ல மெல்ல ஓட்டியிருக்கிறார்.
பதிவேட்டில் என்ன காரணம் எழுதினார் என்று
நான் கேட்கவில்லை.
அன்று மதியம் மாக்னஸ் சமைத்தான். தொத்திறைச்சி கரி.
ஒருவரும் வாய் திறக்கவில்லை.

பட்டமளிப்பு நவம்பரில். நான் கடலில்.
எந்தக் கிழமை என்று தெரிந்தும்
நாள்காட்டியைப் பார்க்காமல்
வெங்காயம் உரித்தேன்.
அது ஒரு வசதி, வெங்காயம்.

தபாலில் வந்த உறையில் சிவப்பாக
வளைக்காதீர்கள் என்றிருந்தது.
எங்கள் கதவின் துவாரமோ ஒரு சாண்.
தபால்காரர் வளைத்துத்தான் போட்டார்,
மழையில் விட்டுவிட மனம் வராமல்.
சுகந்தினி அதைப் பத்துக்கிலோ அரிசிப்பைக்குக் கீழே
பதினாறு நாள் வைத்திருந்தாள்.
இன்னும் முழுதாய் நிமிரவில்லை.
மேசையில் வைத்தால்
இரண்டு ஓரமும் எழுந்து மெல்ல ஆடுகிறது.

என் பெயர் அதில் முழு நீளத்துக்கு இருக்கிறது.
கப்பலில் எனக்கு இரண்டே எழுத்து.

“எந்தச் சுவரில் அடிப்பம்?”
சுத்தியலும் ஆணியுமாய் நிற்கிறாள்.
கரையேறி முதல் இரண்டு நாள்
எனக்கு எல்லாச் சுவரும் சாய்வு.
பொறு, என்றேன்,
நாளையிண்டைக்குப் பாப்பம்.