இரட்டைப் பதிவு

ஓல்ட்டனில் நவம்பர் என்றால் மூடுபனிதான்.
ஆறு இருக்கிறது என்பதைச் சத்தத்தை வைத்து நம்ப வேண்டும்.
ரயில் நிலையத்தில் ஒரு பூச்சியக் கல் நிற்கிறது,
தண்டவாளங்களை ஒரு காலத்தில்
அங்கிருந்துதான் அளந்தார்களாம்.
எங்கள் ஆஸ்பத்திரிக்கும் இந்த வருடம்
அப்படியொரு கல் வந்திருக்கிறது:
எல்லாக் கதவும் எல்லாத் திரையும்
ஒரே இடத்தில் கேட்டுவிட்டுத்தான் திறக்கும்.

கல்லைக் காப்பது என் வேலை.
நான்காம் மாடி, ஜன்னலோரம், இரண்டு திரை.

இதற்கு முன் எப்படி இருந்தோம் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.
சலவைப் பகுதியில் பதினேழு பேருக்கு ஒரே கணக்கு.
கடவுச்சொல், உலர்த்தும் இயந்திரத்தின் விலாவில்
பிளாஸ்திரி போட்டு ஒட்டியிருந்தது: கோடை2009.
ஓய்வுபெற்ற மயக்க மருத்துவர் ஒருவர்
மருந்து அலமாரியைத் திறக்கும் உரிமையோடு
ஸ்பெயினில் தக்காளி வளர்த்துக்கொண்டிருந்தார்.
இறந்துபோன கணக்காளர் ஒருவர்
மாதம் பிறந்தால் தவறாமல் அறிக்கை அனுப்பினார்.
அவரை நிறுத்தியவள் நான்தான்.
நிறுத்திய அன்று சம்பளப் பிரிவிலிருந்து மூன்று பேர் ஓடி வந்தார்கள்:
அவர் இல்லாமல் யாருக்கும் சம்பளம் போகாதாம்.

'ஒருவருக்கு ஓர் அடையாளம். அவ்வளவுதான்'
என்பார் ரெகுலா ஹெஃப்லிகர், என் மேலாளர்,
காப்பியைக் கிளறியபடி. நல்ல மனுசி.
சரியான சொல்தான் அது.
வெள்ளிக்கிழமை நாலரை மணிவரை சரியாகத்தான் இருந்தது.

நாலரைக்குத் திரையில் ஒரு சிவப்பு வரி:
ஒரே பிறந்த தேதி, ஒரே முகம், இரண்டு ஆள்.
வினாசித்தம்பி தவபாலன்.
தவபாலன் வினாசித்தம்பி.
ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை அழிக்கவும்.

முதலாமவரிடம் நிலவறைக் கதவு மூன்று,
லிஃப்ட், கிருமிநீக்க அறை, இரவு வாசல்.
இரண்டாமவரிடம் ஒன்றுமில்லை,
தேநீர் விலையில் பத்து வீதம் கழிவு மட்டும்.

தகப்பன் பெயர் முன்னால், தன் பெயர் பின்னால்
என்று எழுதுகிற நம் வழக்கம்
இந்த நாட்டின் இரண்டு கட்டங்களுக்குள் விழும்போது
தகப்பன் மகனாகிவிடுகிறார்.
எனக்குத் தெரியும். முதல் வகுப்பில்
என் அப்பாவின் பெயரை டீச்சர் கூப்பிட்டபோது
எழும்பி நின்றவள் நான்.

நிலவறைக்குப் போன் எடுத்தேன்.
பின்னால் உருளைகளின் இரைச்சல்.
'அண்ணை, ரெண்டு பேரா இருக்கிறியள். எது நீங்கள்?'
கொஞ்ச நேரம் உருளை மட்டும் பேசியது.
'இஞ்சை எல்லாரும் என்னை வினா எண்டுதான் கூப்பிடுறவை, பிள்ளை.
இருபத்திநாலு வருசமாக் கேள்வியாவே இருந்திட்டன்.
கதவு ஆரிட்டை இருக்கு?'
'அப்பாட்டை.'
'அப்ப அவரை விடு.
பளை தாண்டி எங்கையும் போகாத மனுசன்.
தொண்ணூற்றொண்டிலை செத்ததும் அங்கைதான்.'

உரிமைகளை உங்கள் பெயருக்கு மாற்றலாம் என்றேன்:
மூன்று கையெழுத்து, ஒரு வாரம்,
அதுவரை கதவு இல்லை.
'இண்டைக்கு எனக்கு இரவு வேலை' என்றார்.

பொத்தானுக்கு ஓசை கிடையாது.
அறிக்கையில் எழுதினேன்: இரட்டைப் பதிவு ஒன்று,
நீக்கப்பட்டது, அபாயம் இல்லை.
ரெகுலா ஒரு கட்டைவிரல் அனுப்பினார்.
பத்து மணிக்கு, வீட்டிலிருந்து, பார்க்க வேண்டிய தேவையில்லாமல் பார்த்தேன்.
கதவு மூன்றில் பச்சை.
உள்ளே போனவர்: வினாசித்தம்பி.

வேலையை விட்டுப் போகிறவர்களுக்குத் தானாகப் போகும் கடிதம்
தவபாலனுக்கும் போயிருக்கிறது:
உங்கள் சேவைக்கு நன்றி,
அட்டையையும் சீருடையையும் ஒப்படைத்துவிட்டுச் செல்லவும்.
பெட்டி இல்லாததால் அது என்னிடமே திரும்பி வந்தது,
அப்படி ஒருவர் இங்கே இல்லை என்ற குறிப்போடு.

தொண்ணூறு நாளில் அதுவும் தானாக அழியும்.
இன்றைக்கு எண்பத்தாறு மீதி.