விசில் இல்லாத சட்டி

காலை ஏழே கால்.
கல்மண்டபத்து பாய் கடையில் அரைக் கிலோ தொடை,
எலும்போடு, தோல் உரித்தது.
"வறுவலுக்காம்மா?" என்றார்.
"இல்ல பாய், இத்தாலிக்கு."
சில்லறையை இரண்டு தரம் எண்ணிக் கொடுத்தார்.

சட்டி ரொசாரியோவுடையது.
இத்தாலிக்காரன் கப்பலில் ஏழு வருடம்
சமையல்கட்டில் நின்றவன்
மேல்மாடியிலிருந்து இறக்கிக்கொண்டு வந்தான்,
கைக்குழந்தை போலத் துண்டில் சுற்றி.
கறுப்புப் பீங்கான் வயிறு. கண்ணாடி மூடி.
"எட்டு மணி நேரம், அக்கா.
மூடியத் தொறந்தா அரை மணி போச்சு.
பக்கத்துல போயி நிக்கவே நிக்காத."

வெங்காயம் இரண்டு.
பூண்டு முழுசாக எட்டுப் பல், நசுக்காமல்.
கேரட்.
செலரிக்கு எங்கே போவேன்?
கொத்தமல்லித் தண்டை ஒடித்துப் போட்டேன்.
ராயபுரத்தில் முளைக்காத கீரைக்கெல்லாம்
நான் பொறுப்பில்லை.
ஆலிவ் எண்ணெய் நான் வேலை செய்யும் மருந்துக் கடையிலிருந்து,
பச்சைப் பிள்ளைக்குத் தேய்க்கிற சின்ன பாட்டில்.
என்றைக்கோ பீட்சா வந்தபோது
பிரிக்காமல் டிராயரில் போட்டு வைத்த
ஓரிகானோ பொட்டலங்கள், பதினொன்று.
நாட்டுத் தக்காளி அரைக் கிலோ;
புளிப்பில் எந்தக் கப்பலையும் திருப்பி அனுப்பும்.
ஊறிய மொச்சை ஒரு பிடி.
கை தானாக மிளகாய்த்தூள் டப்பாவுக்குப் போனது.
"ம்ஹூம்" என்றான் ரொசாரியோ.
மூடினேன். சின்னச் சிவப்பு விளக்கு.

அவ்வளவுதான். சத்தமே இல்லை.

சத்தம் இல்லை என்பதால்தான் இரவல் கேட்டேன்.
எங்கள் வீட்டுக் குக்கர் வாய் திறந்து ஒன்பது நாள்.
தேசிங்கு துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான்.
அன்றைக்குக் கீழே நின்றவன் விசில் ஊதினான்.
இவனுக்குக் கேட்டது.
கேட்டு, கை லீவருக்குப் போவதற்குள்
பெட்டி இறங்கிவிட்டது.
உயிருக்கு ஒன்றுமில்லை என்றார்கள் எல்லோரும்.
ஒரு கால்தான், முட்டிக்குக் கீழே.
மறுநாள் பருப்புக்கு முதல் விசில் வந்ததும்
தேசிங்கு பாத்ரூமுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டான்.

ஒன்பது மணிக்குக் கிளம்பினேன்.
"சட்டியத் தொடாத. தானா வேகும்."
சுவரைப் பார்த்துத் தலையாட்டினான்.

ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு எதிரே நாள் முழுக்க
சீட்டைப் படித்து மாத்திரை கத்தரித்துக் கொடுத்தேன்.
மூன்று மணிக்குக் கரண்டு போனது.
எங்கள் தெருவிலும் போயிருக்குமோ?
போன் செய்யலாம். எடுக்கமாட்டான்.
இருமல் மருந்து கேட்டவளுக்கு
வயிற்று மருந்தை எடுத்து நீட்டி
அவள் வாயால் நன்றாக வாங்கிக்கட்டிக்கொண்டேன்.

ஆறரைக்கு மாடிப்படியிலேயே வாசனை.
பூண்டு. தக்காளி.
அதோடு, நன்றாகத் தெரிந்த இன்னொன்று
மூக்கில் ஏறித் தும்ம வைத்தது.
அடுப்படியில் பிளாஸ்டிக் நாற்காலி.
கண்ணாடி மூடியில் ஆவி வழிவதை
டிவி பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு தேசிங்கு.
"காலையிலேர்ந்து இங்கயேவா?"
"சப்புனு இருந்துச்சு" என்றான்.
துருப்பிடித்த கதவு மாதிரி குரல்.
"ரெண்டு ஸ்பூன் மொளகாத்தூள் போட்டேன்.
கரண்டு போனப்ப கம்பளி போத்தி வெச்சேன்."

ரொசாரியோவிடம் இதைச் சொல்லப்போவதில்லை.

பேக்கரி பன்னைப் பிய்த்துத் தோய்த்தோம்.
தொட்டதும் கறி எலும்பை விட்டு வந்தது.
எதிர்வீட்டுக் குக்கர் கூவியது.
அவன் கை பாதி வழியில் நின்றது.
நான் நிமிரவில்லை,
மொச்சை ஒன்றைத் தட்டின் ஓரத்துக்குத்
தள்ளிக்கொண்டே இருந்தேன்.
இரண்டாவது.
பன் சொட்டியது, லுங்கியில் சிவப்பாக.
மூன்றாவது வரவில்லை.

"ரெண்டுதான்" என்றான். "சோறு வெக்கிறாங்க."
வாயில் போட்டுக்கொண்டான்.
காரத்தில் கொஞ்சம் இருமினான்.